கிட்டப்பார்வை

உலகம் அதைத் ‘தூரப் பார்வை’ என்று சொல்லிவந்தது. பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்குப் புத்தகமே போட்டிருந்தார். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்களில் மற்ற நாயகர்கள் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து வசனம் பேசுவார்கள். பார்வைச் சக்கரவர்த்தி என்று பட்டம் வாங்கிய நம்மவர் மட்டும் எதிராளியின் தோளுக்கு மேலே, எங்கோ எட்டாத ஓர் இடத்தைப் பார்த்து, கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். காதலியிடம் உருகினாலும் அப்படித்தான், கடைக்காரரிடம் குடை விலை கேட்டாலும் அப்படித்தான். நான்காம் அத்தியாயத்தில் அந்தப் பார்வை எதிர்காலத்தை ஊடுருவுகிறது என்றும், ஏழாம் அத்தியாயத்தில் இறந்தகாலத்தைத் துழாவுகிறது என்றும் பேராசிரியர் எழுதியிருந்தார். நடுவில் இரண்டு அத்தியாயம் எழுதும்போது அவருக்கு மனசு மாறிவிட்டது போலிருக்கிறது.

சக்கரவர்த்தி பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பலகையை.

நாலடிக்கு மூன்றடி, கறுப்புப் பூச்சு, மேலே சாக்பீஸில் வசனம். அதைக் காமிராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் சக்கரவர்த்தியின் மச்சான். அதாவது மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

சக்கரவர்த்திக்கு ஞாபகசக்தியே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. எந்த வருஷம் எந்த வாசலில் யார் தனக்கு வணக்கம் வைக்காமல் போனார்கள் என்பது கிழமையோடு நினைவிருக்கும். வசனம்தான் நிற்காது. முதல் படத்தின் முதல் நாள், “நான் வந்துவிட்டேன் அம்மா” என்ற மூன்று சொல்லைப் பதினேழு தடவை எடுத்தார்கள். ஒரு தடவை இவர் வந்தார், அம்மா வரவில்லை. ஒரு தடவை அம்மா வந்தது, இவர் வரவில்லை. அப்போது கல்யாணம் ஆகி நாலு மாதம். அக்கா புருஷன் நடிப்பதை வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சானுக்குத் தொழில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது. அவர் தச்சர்கள் போட்டுவைத்திருந்த குவியலிலிருந்து ஒரு பலகையை உருவி, மூன்று சொல்லையும் முழ நீளத்துக்கு எழுதிக் காமிராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பதினெட்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக வந்தது. டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, “என்ன பார்வைய்யா அது” என்றார். சினிமாவில் ஒரு சகாப்தம் பிறந்தது. மச்சானுக்கும் ஒரு வேலை பிறந்தது.

அந்த வேலையை மச்சான் ஒரு கலையாகவே வைத்திருந்தார். ஒரு வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் எழுத மாட்டார். மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு, திரும்ப வேண்டிய இடத்தில் ஓர் அம்பு, அழ வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். ஆரம்பத்தில் இதையெல்லாம் சொல்லாகவே எழுதினார். தாய் செத்துக் கிடக்கும் காட்சியில் சக்கரவர்த்தி, “நீ போன பிறகு இந்த வீட்டில் என்ன இருக்கிறது அம்மா, பெருமூச்சு” என்று கடைசிவரை படித்துவிட்டார். வெறும் பெருமூச்சுதான் மிஞ்சியிருக்கிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார் என்று படம் வெளியான மறுவாரம் ஒரு பத்திரிகை நெகிழ்ந்துபோனது. மச்சான் அன்றோடு படத்துக்கு மாறிவிட்டார்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருந்தது. அது மனைவிக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும். சக்கரவர்த்திக்குக் கிட்டப்பார்வை. பத்தடி தள்ளி நிற்பது மனைவியா மாமியாரா என்பதை நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும், ஆனால் கண்ணாடி போட்ட நாயகனை அந்தக் காலத்தில் ஒருத்தியும் காதலிக்க மாட்டாள், கதாசிரியர்கள் விட மாட்டார்கள். போதாததற்குப் படக் கம்பெனி முதலாளி, காது சரியாகக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாயகனைப் பாதிப் படத்தில் கொன்று, கதையில் வரும் தம்பியை வைத்து மீதிப் படத்தை முடித்தவர். ஆகவே கண் மங்க மங்க, பலகையில் எழுத்து வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. வெளியில் போகும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொள்வார், படியில் விழாமல் இருக்க. பத்திரிகைகள் அதைக் குறையாத காதல் என்று படத்தோடு போட்டன.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரே ஒரு நாள் தடம் மாறியது. அந்த நாளால்தான் சக்கரவர்த்தி சக்கரவர்த்தி ஆனார்.

குடியிருக்கும் வீட்டை அப்பாவுக்குத் தெரியாமல் விற்றுவிட்ட மகனை அப்பா வாசலை விட்டுத் துரத்துகிற காட்சி. முப்பது வயசுக்கு நரைமுடி ஒட்டிக்கொண்டு சக்கரவர்த்திதான் அப்பா. “போ. என் மூச்சு உள்ளவரை உன்னை வெறுப்பேன்” என்பது வசனம். மச்சான் கடைசி இரண்டு சொல்லையும் இரண்டு வரியாகப் பிரித்து, மேலே ‘உன்னை’ என்றும் கீழே ‘வெறுப்பேன்’ என்றும் எழுதிப் பிடித்திருந்தார். வெ-வுக்கும் பொ-வுக்கும் முன்னால் இருப்பது ஒரே கொம்புதான். பின்னால் ஒரு வளைவு, ஒரு கால், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு மழைக் காட்சி வேறு, மேலேயிருந்து குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கரவர்த்தி கண் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, மகனின் தலைக்கு மேலே எங்கோ பார்த்து இடி மாதிரி சொன்னார்:

“போ. என் மூச்சு உள்ளவரை உன்னை... பொறுப்பேன்.”

வசனகர்த்தா கையிலிருந்த தாளைக் கீழே போட்டார். “யாரு மாத்தினது? நான் எழுதினது வெறுப்பேன். யாரு மாத்தினது?” என்று செட்டுக்குள் ஓடிவந்தார். முதலாளி அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார். அவரும் எழுந்து நின்றார். சக்கரவர்த்தி மழையில் நனைந்தபடி வாயைத் திறந்தார், மூடினார். கண் தெரியவில்லை என்று சொன்னால் இந்தப் படத்தில் அப்பாவும் பாதியில் சாக வேண்டியிருக்கும்.

மச்சான் சட்டைக் கையால் பலகையைப் பரபரவென்று துடைத்தார். ஒரு எழுத்து மிச்சமில்லாமல் துடைத்துவிட்டுச் சொன்னார்: “என் கையெழுத்துத் தப்புங்க. வெ போட்டது பொ மாதிரி ஆயிருச்சு.”

வசனகர்த்தா அவரைத் திட்டியது இங்கே அச்சில் போடும் தரத்தில் இல்லை. அதில் போடக்கூடியது “கோழி கிண்டின மாதிரி எழுதுற உனக்கெல்லாம் சாக்பீஸ் ஒரு கேடு” என்பது மட்டும். நடுவில் டைரக்டர் எல்லோரையும் அடக்கி, மேலே கையைக் காட்டினார். பரணில் விளக்கோடு உட்கார்ந்திருந்தவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எல்லா நாயகியும் செத்ததைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை போட்ட மனுஷன் அவர். “இதை மாத்த வேணாம்” என்றார் டைரக்டர்.

படம் நாற்பது வாரம் ஓடியது. முகத்தில் நெருப்பும் நாக்கில் மன்னிப்புமாக நின்ற அந்தத் தகப்பனைப் பார்த்து ஊரெல்லாம் அழுதது. வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்ததாகவும் கேள்வி. மாற்றியது தான்தான் என்று டைரக்டர் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். முதலிலேயே அப்படித்தான் எழுதியிருந்தேன் என்று வசனகர்த்தா மேடைதோறும் சொன்னார். பேராசிரியர் இன்னும் ஒரு படி போனார். இலக்கணப்படி ‘உன்னைப் பொறுப்பேன்’ என்று நடுவில் ப் வந்திருக்க வேண்டும், சக்கரவர்த்தி அதை வேண்டுமென்றே விழுங்கிவிட்டார், அந்த ஒற்று இல்லாத வெற்றிடத்தில்தான் தகப்பனின் உடைந்த நெஞ்சு இருக்கிறது என்று பதினொரு பக்கம்.

மச்சானுக்குக் கிடைத்தது ஒரு பெயர். கோழி. ஸ்டூடியோ முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. இன்னொன்று கிடைக்காமல் போனது. கம்பெனிப் படங்களுக்கு முதலில் வரும் பெயர் அட்டைகளை எழுதும் வேலை அவருக்கு என்று டைரக்டர் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தார். திரையில், இருட்டில், ஆயிரம் பேர் முன்னால் தன் எழுத்து எட்டடி உயரத்துக்கு எழுந்து நிற்பதை மச்சான் எத்தனையோ நாள் மனசில் பார்த்துவைத்திருந்தார். “வெ-வும் பொ-வும் தெரியாதவனுக்கு டைட்டிலா?” என்று முதலாளி ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டார். மச்சான் மறுநாள் பலகைக்குப் புதுப் பூச்சு அடித்துக்கொண்டு வந்து நின்றார்.

இதெல்லாம் நடந்து ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

சக்கரவர்த்தி நாயகனாக இருந்து, அப்பாவாகி, நீதிபதியாகி, கடைசியில் சுவரில் மாட்டிய போட்டோவாகவும் இரண்டு படத்தில் நடித்து ஓய்ந்தார். வயசு எண்பத்திரண்டு. வீட்டுக்குள் கண்ணாடி, வாசலைத் தாண்டினால் கண்ணாடி சட்டைப்பைக்குள். மச்சானுக்கு எழுபத்தாறு. தினமும் நாலு மணிக்கு வருவார், இரண்டு தெரு தள்ளித்தான் மகனோடு இருந்தார். டீ குடிப்பார், அத்தானுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவார், அரசியலில் சண்டை போடுவார், ஆறு மணிக்குப் போய்விடுவார். ‘கோழி’ கதையைச் சக்கரவர்த்தி விருந்தாளிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் கூடவே சிரிப்பார். ரகசியத்துக்குக் காவல் இருக்கிறவர் சிரிக்காமல் இருக்க முடியுமா?

வாழ்நாள் சாதனை விருது அறிவித்த வாரம் ஒரு பத்திரிகைக்குச் சக்கரவர்த்தி பேட்டி கொடுத்தார். அதில் அந்தப் புகழ்பெற்ற சொல்லைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னார், அவர்கள் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள்: “வசனத்தை எனக்கு எழுதிக் கொடுப்பவர் என் மைத்துனர். அவர் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். அன்று அவர் எழுதியது ஒன்றுமே புரியவில்லை. ஒரு நொடி நான் அந்தத் தகப்பனாகவே மாறினேன். சொல் உள்ளேயிருந்து வந்தது.”

அன்றைக்கு நாலு மணிக்கு மச்சான் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மனைவி போனில் பிடித்தார்.

“ஏண்டா, உடம்புக்கு என்ன?”

“உடம்பு நல்லாத்தான்க்கா இருக்கு.”

“பின்னே?”

“பேத்திக்கு நான்தானே எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். பத்திரிகையைத் தூக்கிட்டு வந்து, ‘தாத்தா, உங்க எழுத்து அவ்வளவு மோசமா, அப்புறம் ஏன் எனக்குச் சொல்லித் தர்றீங்க’ன்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?”

மனைவி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“கண்ணைப் பத்தி நான் வாய் திறக்கலக்கா. இப்பவும் திறக்க மாட்டேன். கடைப் பலகை எழுதிக்கிட்டு இருந்தவன் நான். என் எழுத்தைப் பாத்துட்டுப் பக்கத்துக் கடைக்காரன் தன் பலகையைக் கழட்டிட்டு என்கிட்ட வந்தான். அந்தக் கையைப் போய்...” என்று நிறுத்தினார். “சரி, பால் பொங்குது. வைக்கிறேன்.”

அவர் வீட்டில் பால் காய்ச்சுவது மருமகள். மனைவிக்கு அது தெரியும்.

சக்கரவர்த்தியிடம் சொன்னபோது, “சும்மா தமாஷுக்குச் சொன்னது. அம்பது வருஷமா சிரிச்சவனுக்கு இப்போ என்ன புதுசா?” என்றார்.

“அம்பது வருஷமா பேத்தி இல்லையே” என்று மனைவி உள்ளே போய்விட்டார்.

நாலு மணிக்கு டீ வந்தது, ஒரு கோப்பை மட்டும். பத்திரிகை மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒரு வாரம் போனது. சக்கரவர்த்தி தாமே வாசித்துப் பார்த்தார். சண்டை போட ஆள் இல்லாத அரசியல் அவருக்குச் சப்பென்று இருந்தது.

இந்த நேரத்தில் விழாப் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். சுறுசுறுப்பான பெண், ஒரே சமயத்தில் இரண்டு போனில் பேசக்கூடியவர். “ஐயா, பேராசிரியர் பேசி முடிச்சதும் நீங்க மேடையில அந்தத் தகப்பன் காட்சியை ஒரு நிமிஷம் நடிச்சுக் காட்டறீங்க. எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க” என்றார்.

“தாராளமா” என்றார் சக்கரவர்த்தி. அந்தப் பெண் போனதும் மனைவியைக் கூப்பிட்டார். “அந்த வசனம் என்னது, ‘போ’வுக்கு அப்புறம்?”

மனைவி, மச்சானின் பேத்தி எப்போதோ விட்டுப்போன பழைய சிலேட்டில் எழுதிப் பிடித்துப் பார்த்தார். பழக்க தோஷத்தில் கீழே ‘மாத்திரை போட்டாச்சா’ என்றும் சேர்த்து எழுதிவிட்டார். சக்கரவர்த்தி அதையும் இடிமுழக்கத்தோடு சொன்னார். பேச்சாளர்களுக்கென்று விழாப் பொறுப்பாளர் கொண்டுவந்த கருவியில் எழுத்துத் தானாக ஓடியது. அது ஓடுகிற வேகத்துக்கு இவர் ஓட, நாலு வரியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அதில் கோடும் இல்லை, அம்பும் இல்லை, சொட்டும் இல்லை. எங்கே மூச்சு விடுவது என்று ஒரு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

விழாவுக்கு முந்தின நாள் சக்கரவர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவி கைகொடுக்க வந்தார். “வேணாம்” என்று சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். தினமும் மச்சான் நடந்து வந்த இரண்டு தெருவை இவர் நடப்பது அதுதான் முதல் தடவை. மூன்று பேரிடம் வழி கேட்டார். மூன்று பேருக்குமே இவரை அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மச்சான் கூடத்தில் உட்கார்ந்து பேத்தியின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“உக்காருங்க அத்தான்.”

“நாளைக்கு விழா.”

“தெரியும்.”

“பலகை...”

“அடிச்சு வெச்சிருக்கேன். காஞ்சிருச்சு.” சுவரோரமாகக் கறுப்பாக ஈரம் உலர்ந்து நின்றது. “நான் வரமாட்டேன்னு யாரு சொன்னா? உங்களுக்குப் பலகை பிடிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானே இருக்கேன். வருவேன், பிடிப்பேன். அது வேற.”

“அப்போ கோபம் தீந்துதா?”

“அதான் சொன்னேனே, அது வேற.”

சக்கரவர்த்தி தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தது. குடிக்கவில்லை.

“நான் என்னய்யா செய்யணும்கிற?”

மச்சான் அட்டையின் மூலையை மடித்து நகத்தால் நீவினார். “அத்தான், ‘உன்னை’ங்கிறது மேல் வரி. ‘வெறுப்பேன்’ கீழ் வரி. பொறுப்பேன்னு நான் எழுதியிருந்தா மேல் வரி முடிவுல ப் போட்டிருப்பேனா இல்லையா?”

“போட்டிருப்பே.”

“ஒற்று விட்டு எழுதுறவனா நான்? படத்துல இன்னிக்குப் போட்டாலும் நீங்க ‘உன்னை பொறுப்பேன்’னுதான் சொல்றீங்க. நான் சரியா எழுதினதுக்கு அதுதான் சாட்சி. அதை வெச்சு அந்த ஆள் பதினோரு பக்கம் எழுதியிருக்கான். நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?”

“சொன்னா எனக்குக் கண்ணு தெரியலைன்னு ஆகும்.”

“ஆமா.”

“பார்வைச் சக்கரவர்த்திக்கு.”

“ஆமா அத்தான்.”

“முந்நூறு பக்கம் எழுதியிருக்கானேய்யா.”

“முந்நூத்திப் பன்னெண்டு” என்றார் மச்சான். “அதனாலதான் நான் ஒண்ணும் கேக்கல. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், அதை மட்டும் சொல்லுங்க.”

விழா மண்டபம் நிறைந்து வழிந்தது. முன் வரிசையில் மனைவி, பக்கத்தில் மச்சானின் பேத்தி. பத்து வரிசை தள்ளி, ஒலி அமைப்பு மேஜைக்குப் பக்கத்தில், கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், துணி போட்டு மூடிய பலகையோடு மச்சான். பேராசிரியர் நாற்பது நிமிஷம் பேசினார். தூரத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரே நடிகர் என்றார். அந்தக் கண்களுக்கு முன்னால் அடிவானமே கிட்டத்தில்தான் இருக்கிறது என்றார். விழுங்கப்பட்ட ஒற்றுக்கு மட்டும் எட்டு நிமிஷம். கைதட்டல் ஓய்ந்ததும் சக்கரவர்த்தி எழுந்து மேடை நடுவுக்கு வந்தார்.

மச்சான் துணியை எடுத்துப் பலகையைத் தூக்கினார். எழுதியது எழுபத்தாறு வயசுக் கை. ஆனால் எழுத்து நடுங்கவில்லை.

சக்கரவர்த்தி வழக்கம்போலக் கண்ணைச் சுருக்கினார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கறுப்பாக ஏதோ தெரிந்தது, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, சோடாப்புட்டி அடி மாதிரிக் கனத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. போட்டோக்காரர்கள் காமிராவை இறக்கினார்கள். இது எந்த வேஷம் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

“போ” என்றார் சக்கரவர்த்தி. “என் மூச்சு உள்ளவரை... உன்னைப் பொறுப்பேன்.”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. பேராசிரியர் மட்டும் உட்கார்ந்தபடியே புருவத்தை உயர்த்தினார். ப் வந்துவிட்டதே.

“உக்காருங்க” என்றார் சக்கரவர்த்தி. இது பலகையில் இல்லை. எழுதித் தராத பேச்சை அவர் மேடையில் பேசுவது அதுதான் முதல் தடவை என்பதால் சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. “ஒரு விஷயம். எல்லாரும் பின்னால திரும்பிப் பாருங்க. பலகை வெச்சிட்டு நிக்கிறாரே, அவர் என் மச்சான். நான் பாத்ததெல்லாம் அந்தப் பலகையைத்தான். வசனம் எனக்கு நிக்காது. அவர் எழுதுவார், நான் படிப்பேன். அன்னிக்கு அவர் எழுதினது வெறுப்பேன். பளிச்சுன்னு எழுதியிருந்தார். எனக்குத்தான் கண்ணு தெரியல. கிட்டப்பார்வை. அவர் கையெழுத்துல ஒரு தப்பும் இல்ல. கோழின்னு நான் சொன்னது பொய். என் வேலை போயிடக் கூடாதுன்னு அவர் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். அதான்.”

ஐந்நூறு தலை திரும்பிப் பார்த்தது. மச்சான் பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு எங்கோ ஒருவர் தட்டினார், பிறகு எல்லோரும், முன்பைவிடப் பலமாக. பேராசிரியர் மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “எப்பேர்ப்பட்ட அடக்கம். எப்பேர்ப்பட்ட உருவகம். ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று பார்வைச் சக்கரவர்த்தியே சொல்கிறார். அந்தப் பலகை எது? கலைஞனின் மனசாட்சி.”

“உருவகம் இல்லைங்க. மைனஸ் ஆறு” என்றார் சக்கரவர்த்தி.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியர் குறிப்பு எழுதிக்கொண்டார். இரண்டாம் பதிப்பில் ஓர் அத்தியாயம் கூடப் போகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது.

சக்கரவர்த்தி கையாலாகாமல் நின்றார். எண்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை உண்மையைச் சொன்னார், அதையும் நடிப்பு என்று சொல்லிவிட்டார்கள். முன் வரிசையில் பேத்தி, அத்தைப்பாட்டியின் சேலையை இழுத்துக் கேட்டது: “அப்போ தாத்தா சரியாத்தான் எழுதினாங்களா?”

“ஆமாண்டா கண்ணு. ப் கூட விடல.”

பேத்திக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று பின்னால் பார்த்துக் கையாட்டியது.

விழா முடிந்து வாசல் கூடத்துக்கு வந்தபோது மச்சான் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் நம்பல மச்சான்.”

“பாத்தேன் அத்தான்.” மடிப்பைச் சரிபார்த்தார். “தண்ணி குடிச்சீங்களா? குரல் கட்டிருச்சு.”

“நான் நெஜமாத்தான் சொன்னேன்.”

“அது எனக்குத் தெரியாதா?”

அதற்குள் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நடுவயசு அம்மா ஒரு நோட்டையும் பேனாவையும் சக்கரவர்த்தியிடம் நீட்டினார். “ஐயா, ஒரே ஒரு கையெழுத்து.”

சக்கரவர்த்தி பேனாவை வாங்கினார். ஐம்பது வருஷமாகப் போட்டுப் போட்டு, தலையும் வாலும் தெரியாத ஒரு வளையமாகிவிட்ட தன் கையெழுத்தைப் போட நோட்டைத் திறந்தார். மூடினார்.

“கையெழுத்து வேணும்னா அங்க வாங்குங்கம்மா” என்று மச்சானைக் காட்டினார். “அவர்கிட்டதான் இருக்கு.”

அந்த அம்மா தயங்கிவிட்டு நோட்டை மச்சானிடம் நீட்டினார். “அத்தான், என்ன இது” என்று மச்சான் பின்வாங்கினார். சக்கரவர்த்தி விடவில்லை. மச்சான் வேறு வழியில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, பேனா முனையை ஒரு தடவை சோதித்துவிட்டு, “உங்க பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

அவசரப்படவில்லை. அந்த அம்மாவின் பெயரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்த மாதிரி வரிசையாக நின்றது. புள்ளிகூட ஒரே உயரத்தில் ஒரே பருமனில்.

“அடேயப்பா” என்றார் அந்த அம்மா. நோட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் தன் விழா அழைப்பிதழை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிறகு ஒரு கல்லூரிக் கூட்டம். பேராசிரியர்கூடத் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தபடி வரிசையில் எட்டாவதாக வந்து நின்றார்.

ஓர் ஆளுக்கு மூன்று நிமிஷம் ஆனது. பேத்தி தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் மேற்பார்வை பார்த்தது. யாரோ சாய்ந்திருந்த பலகையைக் காலால் தட்டிவிட, சக்கரவர்த்தி அதைத் தூக்கித் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“ஐயா” என்றார் வரிசையில் நின்ற ஒரு மாணவர், கண்ணாடிக்குள்ளிருந்த முகத்தைக் கவனிக்காமல், “கொஞ்சம் ஓரமா நின்னுக்கோங்க. வரிசை இருக்கில்ல?”

சக்கரவர்த்தி ஓரமாக நகர்ந்தார். மனைவி வந்து, “வீட்டுக்குப் போலாமா? கால் வலிக்கும்” என்றார்.

“இரு. இன்னும் பதினோரு பேர் இருக்காங்க” என்றார் அவர். கண்ணாடி வழியாக ஒவ்வொரு தலையாக எண்ணி முடித்திருந்தார்.